அப்பா கழற்றிய டயர்கள்

தம்பி,

ஏரிக்கரை வளைவில் நாய் குறுக்கே வந்தது என்று நீ சொன்னாய். நானும் தலையை ஆட்டிக்கொண்டே உன் முட்டியைக் கழுவி மருந்து போட்டேன். ஆனால் நம்பவில்லை. நாய் குறுக்கே வந்து விழுந்தவன் வீட்டுக்குள் நுழையும்போதே அந்த நாயைத் திட்டிக்கொண்டுதான் நுழைவான். நீ யாரையும் திட்டவில்லை. விழுந்த இடத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்தாய், பின்சக்கரத்தைப் பார்த்தாய், பின்னால் உட்கார்ந்து வந்த உன் பெண்டாட்டி சுகன்யாவின் முழங்கையைப் பார்த்தாய், தலையைக் குனிந்துகொண்டாய். உன்னைப் பெற்றவளுக்கு அது போதும். சுகன்யாவும் பாவம், உன் எதிரில் நீ சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டுவிட்டு, கை கழுவக் குழாயடிக்கு வந்த இடத்தில் அழுதுவிட்டாள். "நாயும் இல்ல ஒண்ணும் இல்ல அத்த. வளைவுல வண்டி சாயறப்ப பின்னால அப்படியே இழுத்துக்கினு போய்டுச்சி. எதிர்ல லாரி வராததால பொழச்சோம்" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்டேன், அவள் சொன்னாள்.

மறுநாள் காலையில் நீங்கள் இருவரும் பஸ் பிடித்து வில்லியனூரில் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். வண்டி இங்கே பாகூரில், நம் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஃபுட்ரெஸ்ட் வளைந்திருக்கிறது, ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. தாண்டும்போதெல்லாம் உன்னிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் நினைவுக்கு வருகிறது. போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, பாக்குறம்மா" என்று கதவைச் சாத்திவிடுவாய். நேரில் என்றால் சோறு போடுகிற சாக்கில் நானே பேச்சை மாற்றிவிடுவேன். அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிக் காட்டிய கை இது, உனக்கு ஒரு கடிதம் எழுத முடியாதா? அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பாதியில் மடித்து வைத்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கிடையாது.

அன்றைக்கு நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பின்டயரு மொட்டையா போயிருக்குதேடா, மாத்தக்கூடாதா?" என்றேன். நீ, "அது அப்பா போட்ட டயரும்மா" என்றாய். உன் அப்பா அந்த டயரைப் போட்டுக்கொண்டு வந்த நாள் எனக்கும்தான் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஏழுமலையின் டயர் கடையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தி, சக்கரத்தைத் தட்டிக் காட்டி, "இனிமே ஒரு வருசத்துக்குக் கவல இல்ல" என்றார். அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் நடந்து திரும்பவில்லை. ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று அவர் சொன்னது டயருக்கு மட்டும்தான் பலித்தது.

சுகன்யா இன்னொன்றும் சொன்னாள். வெளியில் எங்கும் அந்த டயரில் காற்றை இறக்க நீ விடமாட்டாயாம். "உள்ள அப்பா அடிச்ச காத்து கொஞ்சமாவது இருக்கும்" என்றாயாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. மக்கு, காற்றில் யாருடைய காற்று என்று எழுதியா இருக்கிறது? ஆனால் தம்பி, உன்னைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அவருடைய டூத்பிரஷ் இன்னும் குளியலறைக் குவளையில்தான் நிற்கிறது. தினமும் அதைக் கழுவி, குவளையைக் கழுவி, மறுபடி அதிலேயே வைக்கிறேன். கேட்டால் யார் யாரோ பைத்தியம் என்பார்கள். ஆனால் டூத்பிரஷ் யாரையும் ரோட்டில் தள்ளாது. அதனால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது நீங்கள் விழுந்த அந்த நாளுக்கு, அப்பாவின் வருஷப் படையலுக்கு வருகிறேன். செத்துப் போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பது நம் வழக்கம். உன் அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன், வடை வைத்தேன், கோடு போட்ட சட்டையை வைத்தேன். நீ அவர் ஓட்டிய வண்டியையே கொண்டுவந்து வைத்தாய். விடிந்ததிலிருந்து அதைக் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, ஹாண்டில்பாரில் மாலை போட்டு, படத்துக்கு நேராக வாசலில் நிறுத்தினாய். அதோடு விட்டாயா? தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து இரண்டு டயரையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தாய். டயர் கன்னங்கரேல் என்று கடையில் தொங்குவதுபோல் ஆகிவிட்டது. உன் சித்தப்பா பார்த்துவிட்டு, "அண்ணன் வந்து நிக்கிறாப்பலயே இருக்குதுடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் மெச்சினோம். ஒருவர் வாயிலாவது, சாயங்காலம் இதில்தானே இரண்டு பேர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று வரவில்லை. என் வாயிலும் வரவில்லை.

நீ தினமும் வில்லியனூரிலிருந்து கடலூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போகிறாய். எல்லாம் நேர் ரோடு. நேர் ரோட்டில் டயரின் நடுப்பகுதிதான் தேயும். உன் டயரின் நடு வழித்த மாதிரி இருக்கிறது. ஓரத்தில் மட்டும் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் கொஞ்சம் பிழைத்திருக்கிறது. வண்டி வளைவில் சாயும்போது தரையைத் தொடுவது அந்த ஓரம்தான். அங்கேதான் நீ ஆசை ஆசையாக எண்ணெய் தேய்த்திருந்தாய். மேலே தூறல் வேறு. போதாததற்குத் தேயக்கூடாது என்று காற்றையும் கல் மாதிரி அடித்து வைத்திருக்கிறாய். ஏழுமலை நேற்று வந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, இவ்ளோ காத்து அடிச்சா டயரு ரோட்ல ஒக்காரவே ஒக்காராதே" என்றான். அப்பா போட்ட டயரைக் காப்பாற்ற உனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்திருக்கிறாய். செய்தது ஒவ்வொன்றும் அந்த டயர் தன் வேலையைச் செய்யாமல் தடுத்திருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனவள் நான். மற்றவர்கள் பெண்டாட்டியிடம் சினிமாவும் பாட்டும் பேசிக்கொண்டு போவார்கள். உன் அப்பா முன்னால் போகிற வண்டியின் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். போர்செட் மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டுகிற மனிதர், எரிந்துபோன மோட்டாரைக் கேரியரில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், பாரம் ஏற்றிய வண்டி ஈர ரோட்டில் எப்படி ஆடும் என்பது அவர் முதுகுக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் கல்யாணமான புதிதில் நடந்த பெரிய சண்டையே டயருக்காகத்தான். சீக்கிரம் தேய்கிறதே, தேயாத டயராக ஒன்றைப் போடக்கூடாதா என்று நான் நச்சரித்தேன். என் நச்சரிப்பு தாங்காமல் கெட்டி ரப்பரில் ஒன்றைப் போட்டார். மாசக் கணக்கில் ஓடியும் அதில் பட்டன் அப்படியே இருந்தது. எனக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று போகிற வருகிற போதெல்லாம் குத்திக் காட்டினேன்.

அந்த வருஷம் மழை பிடித்தது. கரும்பு லாரிகள் போகிற ரோடு, ஓரமெல்லாம் சேறு. உன் அப்பா மாட்டுவண்டியைக்கூட முந்தாமல் ஊர்ந்துகொண்டு போனார். நான் பின்னாலிருந்து, "இன்னாங்க, நடந்தே போயிருக்கலாம் போலிருக்குதே" என்றேன். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த ரப்பரு தன்ன வுட்டுக் குடுக்க மாட்டன்னுது. கொஞ்சம் கொஞ்சமா ரோட்ல தன்ன வுட்டாதான்டி வண்டி நிக்கும். எதையும் வுட மாட்டன்னா வழுக்கிக்கினு போய்டும்" என்றார். அப்போது எனக்கு அது காதில் ஏறவில்லை, சேலையெல்லாம் சேறு என்கிற எரிச்சலில் இருந்தேன். அதற்கப்புறம் அவர் மிருதுவானதும் வேண்டாம், கல் மாதிரியும் வேண்டாம் என்று நடுவாந்தரமாக ஒன்றைத் தேடிப் பிடித்தார். மோட்டார் பாரத்தையும் தாங்கவேண்டும், பின்னால் உட்காருகிற என்னையும் தள்ளக்கூடாது. கடைக்காரர் வெயிலில் கிடந்த டயரை நீட்டினால் அதன் பக்கவாட்டில் அடித்திருக்கிற எண்ணைப் பார்த்து எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். பட்டன் முழுசாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

உன்னை டேங்க் மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போன காலத்தில் ஒரு நாள் நடந்ததை நீ மறந்திருப்பாய். உனக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். பஸ் சட்டென்று நின்றது. உன் அப்பா பிரேக் அடித்தார். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. அப்படியே சறுக்கிக்கொண்டு போய், பஸ்ஸின் பின்பக்கத்தை முன்சக்கரம் முத்தம் கொடுக்கிற மாதிரி தொட்டுவிட்டு நின்றது. அவ்வளவுதான். யாரும் விழவில்லை, ஒரு கீறல் இல்லை. நீ, "அப்பா, இன்னொரு வாட்டி அப்படிப் போப்பா" என்று கைதட்டினாய். உன் அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நம் இரண்டு பேரையும் இறக்கிவிட்டார். போட்ட சோற்றைத் தொடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் டயரை மாற்றிக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தார். நான் பழைய டயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் ஓடியிருக்குமே" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். எதுவுமே நடக்காத ஒரு நாளுக்கு அந்த மனிதர் அவ்வளவு பயந்தார்.

உன் அப்பா எவ்வளவு பெரிய கஞ்சர் என்று உனக்குத் தெரியாததில்லை. பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுப்பவர். செருப்புக்கு மூன்று முறை வார் தைப்பவர். உன் பழைய பனியனில் மோட்டாருக்கு கிரீஸ் துடைத்து, அதைத் துவைத்து மறுபடி துடைத்தவர். அப்படிப்பட்டவர் டயரை மட்டும் ஏன் உயிர் இருக்கும்போதே கழற்றி எறிகிறார் என்று நான் ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டேன். டயரில் பட்டனுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தில் சின்னதாக ஒரு மேடு வைத்திருப்பார்கள், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவரே அவர்தான். "அந்த மேடு வர்ற வரிக்கும் ஓட்டலாம்ல?" என்று கேட்டால், "அது ஒண்டியா போறவனுக்கு" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

முந்தாநாள் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. வைக்கோல் போர் மேல் போட்டிருக்கும் தார்ப்பாய் ஒரு மூலையில் படபட என்று அடித்துக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறினேன். ஏறாதே என்று நீ சொல்வாய், ஏறிவிட்டேன், இறங்கியும் விட்டேன். தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன் மேல் பாரம் வைத்திருக்கிறோமே, எல்லாம் பைக் டயர்கள். வருஷக் கணக்காக அங்கேதான் கிடக்கின்றன. நீயும் நானும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம், ஆனால் பார்த்ததில்லை. நான் ஒரு டயரை மூலைக்கு இழுத்தபோது கை அதன் முதுகில் பட்டது. பட்டன் இருந்தது. அடுத்ததைத் தடவினேன். அதிலும் இருந்தது. போர் மேல் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவினேன். எல்லாவற்றிலும் பள்ளம் இருக்கிறது, தம்பி. ஒன்றுகூட மொட்டை இல்லை. நீ பள்ளிக்கூடம் போன டயர், நீ பன்னிரண்டாவது பரீட்சைக்குப் போன டயர், நான் மூட்டை முடிச்சோடு திருக்கனூருக்கு என் அம்மாவைக் கடைசியாகப் பார்க்கப் போன டயர், எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அவர் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கழற்றியிருக்கிறார். அந்த மிச்சம் அத்தனையும் உனக்கும் எனக்கும்தான். அதற்காகத்தான் அவரோடு நான் அவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன். மேலே உட்கார்ந்து அழுதேன். தூறல் விழ ஆரம்பித்த பிறகுதான் இறங்கினேன்.

உன்னிடம் இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். அப்பா போட்ட டயர் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். போட்டதைப் பார்த்தாய், அவர் கழற்றியதை நீ கணக்கில் எடுக்கவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்த டயர் எப்போதோ போர் மேல் ஏறியிருக்கும். நீ விழும் வரைக்கும் அவர் விட்டுவைத்திருக்க மாட்டார். சுகன்யா உன்னை நம்பிப் பின்னால் உட்காருகிறாள். அவள் அம்மா அப்பா உன்னை நம்பி அவளை அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு முழங்கையோடு போனது. அந்த வளைவில் லாரி வந்திருந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்? என்னால் இன்னொரு படம் மாட்ட முடியாது. இதை மறைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

ஏழுமலை வந்தபோதே, "கழட்டிடட்டுமாக்கா, அஞ்சு நிமிச வேல" என்று கேட்டான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நீ இல்லாதபோது கழற்றினால் வந்து பார்த்து ஒடிந்துபோவாய். உனக்குத் தெரியாமல் உன் அப்பாவை எடுத்துவிட்டதாக நினைப்பாய். புது டயரை மட்டும் வாங்கி வந்து வைத்திருக்கிறான், அவர் போடுகிற அதே நடுவாந்தர ரகம். ஞாயிற்றுக்கிழமை வா. காற்றை நீயே திறந்துவிடு. புஸ்ஸென்று போகும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன், அழவேண்டும் என்றால் இரண்டு பேரும் அழுதுகொள்ளலாம். டயரை நீயே கழற்று. பிறகு ஏணி ஏறிப் போய், தார்ப்பாய் பறக்கிற அந்த மூலையில் வைத்துவிட்டு வா. அங்கே இடம் இருக்கிறது. மழை வரப்போகிறது, மாட்டுக்கு வைக்கோல் நனையாமல் இருக்கவேண்டும். அவர் போட்டது அவர் வீட்டுக்கு இன்னும் வேலை செய்யட்டும்.

இன்னொன்று. புது டயர் முதலில் வழுக்கும். மேலே ஒரு மினுமினுப்பு இருக்கும், அது ரோட்டில் போய்ப் போய்த் தேய்ந்தால்தான் பிடிக்க ஆரம்பிக்கும். உன் அப்பா புதுசு போட்டால் நம் இரண்டு பேரையும் ஏற்றமாட்டார். "இருங்க, வரேன்" என்று தனியாகவே மெதுவாகக் கொஞ்ச நாள் ஓட்டுவார். மினுமினுப்பு போய்விட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் "ஏறுங்க" என்பார். நீயும் அப்படியே செய். ஒரு வாரம் சுகன்யா இங்கே என்னோடு இருக்கட்டும், பள்ளிக்கூட வேலைக்குப் பஸ்ஸில் போய் வரட்டும். நீ தனியாக ஓட்டு. அடித்துத் திருப்பாதே, மழையில் எடுக்காதே.

நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "வாம்மா, சந்தைக்கு வண்டியில கூட்டிக்கினு போறேன்" என்பாய். நான் முட்டி வலி என்று சொல்லி பஸ்ஸில் போவேன். முட்டியெல்லாம் ஒன்றும் இல்லை, தம்பி. முட்டி வலிக்கிறவளா வைக்கோல் போர் மேல் ஏறுவாள்? உன் அப்பா போன பிறகு அந்தப் பின்சீட்டில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. எதிரில் வேறு முதுகு இருக்குமே என்று பயம். அந்த ஒரு வாரம் முடிந்ததும் வாசலில் வண்டியை நிறுத்து. டயரை விரலால் தடவிப் பார். முதலில் சுகன்யாவை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வளைவு வரைக்கும் போய்விட்டு வா. திரும்பி வந்து என்னிடம் "ஏறும்மா" என்று சொல்.

நான் ஏறுகிறேன்.

உன் அம்மா